கால் வரையாத படம்

வகயாமா, ஜப்பான்
4.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பவதாரிணி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இங்கே வெயில் நம் ஊரைப் போலவே அடிக்கிறது, வியர்வை மட்டும் காய்வதில்லை. உங்களுக்கு முதுகுவலி இன்னும் விடவில்லை என்று அம்மா சொன்னாள். மருந்து கொடுக்கிறார்களா?

கிளம்பும்போது உங்களை வந்து பார்க்கவில்லை. விசா வந்த நான்காம் நாளே விமானம். நேரம் கிடைக்கவில்லை. சிறையிலிருந்து வெளிநாட்டு எண்ணுக்குப் பேச முடியாதாம். அதனால் கடிதமாவது போடு என்று அம்மா இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "அவனுக்கு யாருடி இருக்கா, ரெண்டு வரி எழுதினா கையா தேஞ்சுரும்?" என்றாள். எழுதுகிறேன்.

வேலை முதியோர் இல்லத்தில். என் பொறுப்பில் ஒன்பது பேர். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. சென்னையில் எட்டு மாதம் படித்த ஜப்பானிய மொழி இந்தக் கிழவர்களின் பேச்சுக்குப் போதவில்லை. தலையாட்டிச் சமாளிக்கிறேன்.

நான் வேலைக்கு நடந்துபோகும் வழியில் ஒரு கடைத்தெரு இருக்கிறது. பாதிக் கடைகள் நிரந்தரமாகப் பூட்டிவிட்டன. அந்த ஷட்டர்களில் ஒரு பெண் படம் வரைகிறாள். பெயர் நவோ இவாசே. நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். முதலில் ஸ்ப்ரே அடிக்கிறாள், தெருப்பிள்ளைகள் சுவரில் அடிப்பார்களே, அப்படி. அது காய்ந்த பிறகு அதன் மேலேயே கோயில் ஓவியம் மாதிரி மெல்லிய தூரிகையால் கோடு இழுக்கிறாள். நேற்று ஒரு மீன்கடை ஷட்டரில் நாரை வரைந்திருந்தாள். சிறகு ஸ்ப்ரே, கண் தூரிகை. உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
பவதாரிணி


மத்திய சிறை, மதுரை
2.9.2024

பாசமுள்ள தங்கச்சி பவாவுக்கு,

அண்ணன் ராஜபாண்டி நல்ல சுகம். உன் சுகத்துக்கு எழுது. உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவே மறந்துவிட்டேன். வார்டர் சிவனாண்டி ஐயாதான் கொண்டுவந்து கொடுத்தார். "ஜப்பான் ஸ்டாம்ப்யா, பெரிய ஆளுய்யா நீ" என்றார். இங்கே வரும் கடிதத்தையும் போகும் கடிதத்தையும் படித்துப் பார்த்துத்தான் விடுவார்கள். நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

முதுகுவலி குறைந்திருக்கிறது. தண்டனை ஏழு வருஷம். உள்ளே இருந்த நாளையெல்லாம் சேர்த்தால் இரண்டரை போய்விட்டது. நீ கிளம்பும்போது வராததைப் பற்றி நான் ஒன்றும் கேட்க மாட்டேன். நீ இந்த இரண்டரை வருஷத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. அதையும் கேட்க மாட்டேன்.

அந்தப் படம் வரைகிற அம்மா கலரை எதில் கலக்குகிறாள் என்று பார்த்து எழுது. ஸ்ப்ரே தெரியும், கோரிப்பாளையத்தில் ஒரு செல்போன் கடை ஷட்டருக்கு நாங்களே அடித்திருக்கிறோம். மேலே இழுக்கிற கலர்தான் கேள்வி. ஸ்ப்ரே வழுவழுப்பாக இருக்கும், தண்ணீர்க் கலர் அதில் ஒட்டாமல் உருண்டு ஓடும். அவள் மேலே என்ன தடவி ஒட்ட வைக்கிறாள்? பொடிக்கலரில் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றிச் சுவர் எழுதினவர்கள் நாங்கள். கட்சி விளம்பரம் ஐந்து வருஷமானாலும் போகாது. பழங்காநத்தம் பாலத்தடியில் எழுதினது இன்னும் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். "அதையெல்லாம் யாருடா பாத்தா" என்கிறாள்.

நாங்கள் நாங்கள் என்று எழுதிவிட்டேன். பழக்கம்.

குளிர்காலம் வருவதற்குள் நல்ல கம்பளி வாங்கிக்கொள். அடிக்கடி எழுது.

உன் அண்ணன்,
ராஜபாண்டி


வகயாமா
13.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. சளி பிடித்து ஒரு வாரம் முகமூடியோடு வேலை பார்த்தேன், இப்போது தேவலை. நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

நவோ சானிடம் கேட்டேன். பெயரோடு 'சான்' சேர்ப்பது இங்கே மரியாதை. எங்கள் இல்லத்தின் பின்சுவரை வரைய அவளையே கூப்பிட்டிருக்கிறார்கள், அதனால் தினமும் பார்க்கிறேன். உப்புத்தாளால் ஸ்ப்ரேயைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதன் மேல் கல்லை அரைத்த பொடியை வஜ்ஜிரத்தில் குழைத்துத் தடவுகிறாள். வஜ்ஜிரமேதான். குச்சி குச்சியாக விற்கிறது, சின்ன அடுப்பில் சூடுபண்ணிக் கரைக்கிறாள். "எங்கள் அண்ணனும் இதைத்தான் காய்ச்சுவார்" என்றேன். நம்பவில்லை, பிறகு சந்தோஷப்பட்டாள். அவளுக்கு விரல் முழுக்க நீலம்.

மழை பட்டால் மேலே இருக்கும் கல்பொடி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடுமாம். அடியிலிருக்கும் ஸ்ப்ரே மட்டும் நிற்குமாம். மேலே பூச்சு அடிக்கலாமே என்று மேலாளர் கேட்டதற்கு, போகிறது போகட்டும் என்றாளாம். பதினேழு வயதில் ரயில்பாலத் தூணில் ஸ்ப்ரே அடித்துப் போலீஸில் மாட்டியிருக்கிறாள். பிறகு கல்லூரியில் ஆறு வருஷம் பழைய முறை ஓவியம். இப்போது ஓவியக்காரர்கள் இவளைச் சுவரில் கிறுக்குகிறவள் என்கிறார்களாம். சுவர்க்காரர்கள் பட்டுத்துணி ஓவியக்காரி என்கிறார்களாம். ஒரு பக்கமும் சேர்ப்பதில்லை. அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள், ஆனால் மதியச் சாப்பாட்டை எப்போதும் தனியாகத்தான் சாப்பிடுகிறாள்.

இந்தச் சுவரிலும் கடைத்தெருவிலும் அவள் இப்போது வரைவது ஒரே வரிசை. 'இங்கே இல்லாதவர்கள்' என்று பெயர். ஊர்க்காரர்களிடம் ஒரு முகத்தைக் கேட்டு வாங்கி வரைகிறாள். என் பொறுப்பிலிருக்கும் ஒரு பாட்டி கணவனின் போட்டோவைக் கொடுத்தாள். இன்னொருத்தி டோக்கியோவிலிருந்து வராத மகனைக் கொடுத்தாள். மகனுக்குச் செருப்போடு கால் வரைந்தாள். கணவனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, புகையாக விட்டுவிட்டாள். இறந்தவர்களைக் காலில்லாமல் வரைவது இங்கே பழைய வழக்கமாம்.

என்னிடமும் ஒரு முகம் கேட்டாள். அண்ணன் இருக்கிறார் என்றேன். எங்கே என்றாள். ஊரில் என்றேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பவதாரிணி


மத்திய சிறை, மதுரை
18.11.2024

பாசமுள்ள பவாவுக்கு,

இங்கே எல்லாம் சுகம். சளி பூரணமாகப் போய்விட்டதா? இஞ்சி கிடைத்தால் தட்டிப் போட்டுக் குடி.

உன் கடிதத்தை இங்கே நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். உப்புத்தாள் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை பார். பதினைந்து வருஷம் இந்த வேலை செய்து என்ன பிரயோஜனம். ஒரு நல்ல சேதி. மனுப் பார்க்க வருகிற குடும்பங்கள், அதுதான் எங்களைப் பார்க்க வருகிறவர்கள், காத்திருக்கிற கூடத்தில் படம் வரையச் சொல்லியிருக்கிறார் அதிகாரி. பிள்ளைகள் பார்க்கிற மாதிரி மயில், யானை, வைகை ஆறு. வஜ்ஜிரமெல்லாம் இங்கே காய்ச்ச முடியாது, எமல்ஷன்தான்.

தூரிகையைக் கையில் வாங்கினதும் பக்கத்தில் யாரோ நிற்கிறதுபோலவே இருந்தது. நான் கோடு போட்டால் அவன் நிரப்புவான். நான் இறங்கித் தூரம் போய்ப் பார்ப்பேன், அவன் மேலேயே நின்று "சரியா மாப்ள, கண்ணு கோணலா?" என்று கத்துவான். எழுதிவிடுகிறேன் பவா. நல்லகாமனைத்தான் சொல்கிறேன். பத்து வருஷம் ஒன்றாகச் சாரம் ஏறினோம். அவன் சாவுக்குத்தான் நான் இங்கே இருக்கிறேன். அவன் பேரை எழுதாமல் உனக்குச் சுவரைப் பற்றி எழுத முடியவில்லை.

அந்த அம்மாவுக்கு நம் அப்பா முகத்தைக் கொடேன். ரேஷன் கார்டில் இருந்த போட்டோவை அம்மா செல்லில் எடுத்து வைத்திருக்கிறாள். சங்கிலி என்கிற பேரையும் கீழே எழுதச் சொல். ஊரான் வயலில் நாற்று முடி சுமந்தே ஓய்ந்த மனுஷன், ஜப்பானில் போய் நிற்கட்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கணும். வேண்டாம், இன்னொரு தடவை.

அண்ணன்,
ராஜபாண்டி


வகயாமா
16.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்குப் பொங்கல் வாழ்த்து. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே இரண்டு பேர் இறந்துபோனார்கள், வேலை அதிகம். எனக்கு உடம்பு பரவாயில்லை. கை மட்டும் வெடித்திருக்கிறது.

அப்பா முகத்தைக் கொடுக்கவில்லை. வேறு முகம் கொடுத்தேன். வரைந்து முடிந்ததும் படம் அனுப்புகிறேன்.

உங்களோடு சாரம் ஏறியவரைப் பற்றி ஒரு விஷயம் கேட்கிறேன். பெயிண்ட் டப்பாக்களை அவர் திருடி விற்றார், அதைக் கேட்டதால் சண்டை வந்தது, கைகலப்பில் விழுந்துவிட்டார் என்று கோர்ட்டில் சொன்னீர்கள். அவர் திருடியதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவதாரிணி


மத்திய சிறை, மதுரை
10.2.2025

பாசமுள்ள பவாவுக்கு,

நான் சுகம். கைக்குத் தேங்காயெண்ணெய் தடவு.

பழைய பேச்சு எதற்கு. கோர்ட்டில் எல்லாம் முடிந்துபோனது.

போன வாரம் அம்மா மனுப் பார்க்க வந்தாள். வில்லாபுரத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்து, நான் வரைந்த மயிலுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள், அது நான் வரைந்தது என்று தெரியாமல். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே அழுகை. திருமங்கலத்து வரனையும் நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம். "அவளுக்கு என்னடா கொறை, இருபத்தெட்டாச்சு, நாலாவது எடம்டா இது" என்றாள்.

பவா, நான் சொல்கிறதைக் கேள். உனக்கு அங்கேயே யாரையாவது பிடித்திருந்தால் கட்டிக்கொள். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த மதம் என்று நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அம்மாவையும் கேட்க விடமாட்டேன். இதை எழுத எனக்கு வாய் இல்லைதான். ஆனாலும் எழுதுகிறேன்.

மயிலுக்குப் பக்கத்தில் ஆறு வரைய ஆரம்பித்தேன். தண்ணீரே வரவில்லை. மணலாகத்தான் வருகிறது.

சுகத்துக்கு எழுது.

ராஜபாண்டி


வகயாமா
19.3.2025

அண்ணனுக்கு,

நலம். இன்றைய தேதி உங்களுக்குத் தெரியும். அவர் விழுந்து மூன்று வருஷம்.

படம் முடிந்தது. நவோ சான் அதைத் தபால் அட்டையாக அச்சிட்டுக் கொடுத்தாள், இத்துடன் வைத்திருக்கிறேன். கடைத்தெருவில் பூட்டிக்கிடக்கும் தையல்கடை ஷட்டர் அது. சாரக் கம்பெல்லாம் கறுப்பு ஸ்ப்ரே. அதில் நிற்கும் ஆள் முழுக்கக் கல்பொடி. மடித்துக் கட்டிய கைலி, காதில் சொருகிய பிரஷ், முழங்கை வரை நீலம். கீழே பார்த்துச் சிரிக்கிறார். நான் கொடுத்த போட்டோ அப்படித்தான் இருக்கும். பழங்காநத்தத்தில் உங்கள் இருவருக்கும் மதியச் சோறு கொண்டுவந்தபோது கீழே நின்று நான் எடுத்தது. நீங்கள் அப்போது டீ வாங்கப் போயிருந்தீர்கள்.

வரைந்துகொண்டே வந்தவள் இடுப்புக்குக் கீழே நிறுத்திவிட்டு, "இவருக்குக் கால் வரையட்டுமா?" என்று கேட்டாள். நான் குனிந்து அவளுடைய கலர்க் கிண்ணங்களை அடுக்கினேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தூரிகையைக் கழுவிவிட்டு, கைலியின் கரையைத் தண்ணீர் தொட்டுக் கலைத்துவிட்டாள்.

யார் என்றாள். தெரிந்தவர் என்றேன்.

பவதாரிணி


வகயாமா
25.5.2025

அண்ணனுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. நான் அனுப்பியது கிடைத்ததா? அம்மா இரண்டு தடவை வந்தும் நீங்கள் வெளியே வந்து பார்க்கவில்லையாம். உடம்பு சரியில்லையா என்று கேட்டு அழுகிறாள். காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்றாவது எழுதுங்கள்.

கோபம் என்றால் அதையும் எழுதுங்கள்.

பவதாரிணி


மத்திய சிறை, மதுரை
22.6.2025

பவாவுக்கு,

காய்ச்சல் இல்லை. உடம்புக்கு ஒரு கேடும் இல்லை.

உன் அட்டை ஏப்ரல் எட்டாம் தேதி வந்தது. சிவனாண்டி ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருய்யா இது, சாமி படமா? காலக் காணோம்" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். கண், அந்தக் கன்னத்துக் குழி, எல்லாம் அவன்தான். அவனை ஒரு தடவைகூடப் பார்க்காத ஒருத்தி வரைந்திருக்கிறாள்.

நீ என்ன கேட்கிறாய் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். இந்தக் கடிதத்தை அதிகாரி படிப்பார். படிக்கட்டும்.

அவன் திருடவில்லை. ஒரு பொட்டு பெயிண்ட்கூட எடுக்க மாட்டான்.

எனக்குத் தெரியும் பவா. உன் விஷயம் எனக்குத் தெரியும். நீ அவனை நல்லகாமண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது, அதைக்கூடக் கவனிக்காத மடையன் நான். அன்றைக்கு அவனே சொல்லித்தான் தெரிந்தது.

அவனியாபுரம் ரோட்டில் அந்தக் கல்யாண மண்டபத்துச் சுவர். மூன்றாவது மாடி உயரம். பூமாலை வரைந்துகொண்டிருந்தோம். காலை பத்து மணி இருக்கும்.

"மாப்ள, ஒன்னு சொல்லணும், கோவிச்சுக்கப்பிடாது" என்றான்.

"சொல்லுடா."

"இம்புட்டு நாளா சும்மா மாப்ள மாப்ளன்னு கூப்பிட்டுக்கிட்டோம். இனிமே நெசமாவே கூப்பிடணும்."

எனக்குப் புரியவில்லை. சிரித்தேன்.

"பவாகிட்டப் பேசிட்டேன். ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் பண்ணிக்கிறலாம்னு இருக்கோம். நீதான் கையெழுத்துப் போடணும்."

"உங்க ஊர்ல தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியுமாடா ஒனக்கு?"

"தெரியும். அதான் கோயம்புத்தூர் போயிரலாம்னு பாக்கோம்."

"எங்க போனாலும் தேடி வருவாய்ங்கடா. ஒன்னைய ஒன்னும் செய்ய மாட்டாய்ங்க. அவளத்தான் வெட்டுவாய்ங்க."

"நான் இருக்கேன்ல" என்றான்.

அவ்வளவு லேசாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே என் தோளில் கை வைத்தான். செக்கானூரணிப் பக்கம் அவன் ஊரில் இதே மாதிரி ஒரு பெண்ணை, நம் ஆட்கள் தெருப் பெண்ணை, கிணற்றிலிருந்து பிணமாக எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகம் உன் முகமாக வந்து நின்றது. இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். கைகலப்பில் கால் தவறியது என்று வக்கீல் எழுதினார். தவறவில்லை. விழட்டும் என்று நான் தள்ளவில்லை பவா. ஆனால் எங்கே நிற்கிறோம் என்பது எனக்குத் தெரியும். பத்து வருஷமாக அங்கேதானே நின்றோம்.

ஆட்டோவில் என் மடியில்தான் கிடந்தான். வில்லாபுரம் தாண்டும்வரை மூச்சு இருந்தது.

இன்ஸ்பெக்டர் எதுக்குடா சண்டை என்றார். உன் பெயர் வந்தால் அவன் ஆட்கள் அன்றைக்கே வீட்டுக்கு வந்திருப்பார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். டப்பாவைத் திருடினான் என்றேன். ஒரு தடவை சொன்னதைக் கோர்ட்டு வரை சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவன் அம்மா முத்துமீனா கூண்டுக்கு முன்னால் வந்து, "எம்புள்ளயக் கொன்னுட்ட, சரி. களவாணின்னு சொல்லாதய்யா ராசபாண்டி. நீ எங்கையால சோறு தின்னவன்" என்றாள். நான் தலையைத் தூக்கவில்லை.

உன்னைக் காப்பாற்றினேன் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அட்டையைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

கூடத்துச் சுவர் பாதியில் நிற்கிறது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

நீ சுகமாக இரு. பதில் போடாவிட்டாலும் சரி.

ராஜபாண்டி


வகயாமா
3.8.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் ஜூலை பதினொன்றாம் தேதி கிடைத்தது. பதினைந்து நாள் லீவு போட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

நீங்கள் எழுதிவிட்டீர்கள். நானும் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் வைத்துச் சொல்கிறேன் என்றுதான் அவர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. அன்று காலை உங்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு அவருக்குப் போன் செய்தேன். "இன்னைக்கே சொல்லிரு. அண்ணே நல்ல கொணத்துல போறான். மேல ஏறிட்டா அவனுக்கு மனசு லேசாயிரும், அங்க வச்சுச் சொல்லு" என்றேன். அவர் தயங்கினார். "பயமா?" என்று கேட்டேன். "பயம் என்ன, சொல்லிர்றேன்" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அவர் சொல்லி விழுந்தாரா, சொல்லுமுன்பே விழுந்தாரா என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. திருட்டுச் சண்டை என்று நீங்கள் சொன்னபோது, அது பொய் என்று தெரிந்தும், எனக்குள் பாதி நிம்மதி வந்தது. என்னால் இல்லை, என் பேச்சு வரவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கோர்ட்டில் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். முத்துமீனா அம்மா கேட்டதை நானும் கேட்டேன். எழுந்து, அவர் திருடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்களைப் போலவே நானும் தலையைத் தூக்கவில்லை. உங்களை வந்து பார்க்காததற்குக் கோபம் மட்டும் காரணம் என்று நினைத்திருந்தேன். அது மட்டும் இல்லை.

நவோ சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தெரிந்த மொழியில், பாதி கையால் காட்டி. மறுநாள் கூட்டிக்கொண்டு போய் ஷட்டர் முன்னால் நிறுத்தி, ஸ்ப்ரே டப்பாவைக் கையில் கொடுத்து, "இவர் பெயரை உன் எழுத்தில் எழுது" என்றாள். நான் இதுவரை சுவரில் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை. எழுத்து கோணல், ஒழுகல். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், யாருக்கும் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும் ஊரில் அல்லவா அதை எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "எம்மா, அந்தப் பய நம்ம வீட்ல எம்புட்டு நாளு சாப்பிட்டிருக்கான்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. இனி வில்லாபுரத்தில் இருப்பது ஆபத்து என்று அவளைத் திருப்பூரில் சித்தி வீட்டுக்குப் போகச் சொன்னேன். முந்தாநாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் கொஞ்ச நாளைக்கு உங்களைப் பார்க்க வர ஆள் இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்துமீனா அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். உங்கள் மகன் திருடவில்லை, என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டதற்காக என் அண்ணன் தள்ளினார், கேட்கச் சொன்னவள் நான் என்று எழுதி, முழுப் பெயரும் அப்பா பெயரும் வில்லாபுரத்து விலாசமும் போட்டிருக்கிறேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்கள். தெருவே கேட்கும். கேட்க வேண்டும்.

மன்னித்துவிட்டாயா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள். எனக்குத் தெரியவில்லை. நீங்களும் என்னை மன்னிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறதா என்றும் தெரியவில்லை. கூடத்துச் சுவரை மட்டும் பாதியில் விடாதீர்கள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அந்தக் கடிதத்தை நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதினாலும் இனி நிறுத்த முடியாது.

பவதாரிணி